புகை இல்லாத பள்ளத்தாக்கு

அந்தக் கோடை முழுக்க ஓவியர் குரோவெல்லுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஹட்சன் ஆற்றுக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் எங்கள் பள்ளத்தாக்கு. அந்த மண்ணின் பூர்வகுடிகளான மோஹிகன் சனங்களில் அங்கே மிஞ்சியது நானும் என் புருஷன் ஜோத்தமும்தான். மலைமேல் ஓட்டல் கட்டியவன், கீழே ஒருவரும் குடியில்லை, நிலத்தை எனக்கே கொடுங்கள் என்று ஆல்பனி சட்டசபையில் மனுப் போட்டிருந்தான். குரோவெல்லின் படத்தை அந்தச் சட்டசபை மண்டபத்தில்தான் மாட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜோத்தமுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள் என்றான்.

என் சோளரொட்டியைத் தின்றுகொண்டே குரோவெல் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்தார். வீடு, புகைபோக்கியில் புகை, உருளைக்கிழங்கு வயல், வேலியைக்கூட விடவில்லை. பாறையின் உயரம் தெரிய ஓர் ஆள் நிற்க வேண்டுமாம். ஜோத்தம் தன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு போய் நின்றான். தேவாலயத்தில்கூட அவன் அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை.

இந்த ஓவியர்கள் கோடையில் பார்த்து வரைவார்கள். குளிர்காலத்தில் நகரத்து அறையில் உட்கார்ந்து பெரிய படமாகத் தீட்டுவார்கள். இடையில் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

பனி உருகியதும் ஆல்பனிக்குப் போனோம். சுவர் அகலத்துக்குப் படம். எங்கள் ஓடை இருந்தது, எங்கள் பாறை இருந்தது. வீடு இல்லை. வயல் இருந்த இடத்தில் அடர்ந்த காடு. பாறைமேல் விரலளவு ஜோத்தம், இடுப்புக்கு மேல் துணியில்லாமல், தலையில் இறகோடு, அஸ்தமனத்தைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். ஒரு சீமாட்டி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே நின்றிருந்த குரோவெல்லிடம் நேராகப் போனேன்.

"எங்க வீடு எங்கய்யா?"

அவர் கோபப்படவில்லை, அதுதான் பெரிய கொடுமை. "வீட்டைப் போட்டா அது யாரோ ஒருத்தரோட வயல், லொவிசா. எடுத்தாத்தான் அது அமெரிக்கா."

"அப்ப நாங்க?"

"இருக்கீங்களே," என்று இறகுக்காரனைக் காட்டினார்.

மனு நிறைவேறியது. அடுத்த கோடையில் வீட்டை இடித்தார்கள், வயலில் மரக்கன்று நட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கு வந்த விருந்தாளிகள், பாறைமேல் ஆளைக் காணோமே என்று குறைப்பட்டார்களாம். ஓட்டல்காரன் ஜோத்தமைக் கூப்பிட்டு அனுப்பினான். வேறு பிழைப்பு இல்லை, போனான்.

வான்கோழி இறகுகளை நான்தான் தலைப்பட்டையில் தைத்துக் கொடுத்தேன். சாயங்காலமானால் பாறையில் ஏறி நிற்கிறான். ஓட்டல் பக்கம் திரும்பக் கூடாது என்று உத்தரவு. அவனுக்கு அது கஷ்டமில்லை. அவன் பார்த்து நிற்கிற பக்கம்தான் எங்கள் வீடு இருந்தது.