டுரியான் தராசில் நிறுத்த மரம்

விழாவைக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்குவது பழைய பாணி என்று டத்தோ பட்டம் பெற்ற சங்கத் தலைவர் சுகுமாரன் முடிவு செய்தார். ஏர்கோன் காற்றில் திரி மூன்று முறை அணைந்து, மூன்று முறையும் அவர் மேடையில் தீப்பெட்டி தேடி நின்ற மறுநாள் எடுத்த முடிவு அது. சங்கக் கூட்டத்தில் அவர் சொன்ன காரணமோ பசுமை, பருவநிலை, வருங்காலத் தலைமுறை. இனி மரத்துக்கு நீர் வார்த்துத் தொடங்குவோம் என்றார். கைதட்டினார்கள். சங்கத்தில் கைதட்டாமல் எதுவும் முடிவதில்லை.

மரத்தைக் கொடுத்தவள் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ரமணி. ஊசியிலை மரம், தொட்டியோடு மார்பளவு உயரம். அவள் அரோக்கேரியா என்றாள். சங்கத்தார் கிறிஸ்மஸ் மரம் என்றார்கள். ஒரே வயதில் இரண்டு வாங்கினார்கள். ஒன்று லிட்டில் இந்தியாவிலுள்ள சங்க மண்டபத்தில், திரைச்சீலை ஓரம் நின்றது. மேடையில் இடமில்லாத இன்னொன்று மொட்டைமாடிக்குப் போனது.

மண்டபத்தில் வாரம் மூன்று நிகழ்ச்சி. தலைவர், துணைத்தலைவர், சிறப்பு விருந்தினர், அவரைவிடச் சற்றுக் குறைந்த சிறப்பு விருந்தினர் என்று வரிசையாக வந்து ஆளுக்கொரு சொம்பு ஊற்றினார்கள். படம் சரியாக விழாவிட்டால் மறுபடியும் ஊற்றினார்கள். இரண்டே மாதத்தில் கீழ்க்கிளைகள் பழுத்துத் தொங்கின. நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நோயுள்ள மரத்தை விற்றதாக ரமணிக்குக் கடிதம் வந்தது. மூன்று மொழியில். பிரதி, தீவிலுள்ள எல்லாச் சங்கங்களுக்கும் போயிருந்தது.

பதினெட்டு வருஷமாக அவள் விற்றது கன்றுகளை மட்டுமல்ல, தன் பேரையும் சேர்த்துத்தான். மறுநாள் காலை லாரியில் வந்து இறங்கினாள். கூடவே இரண்டு சாமான்: டுரியான் பழம் நிறுக்கும் தராசு, அதே வயதில் நோய்நொடி இல்லாத மூன்றாவது கன்று. வாடிய மரத்தை நிறுத்தால், வாடியதால் குடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

புதுக் கன்றைத் திரைச்சீலை ஓரத்தில் வைத்தாள். அதன் தொட்டி மண்ணையும் மாடி மரத்தின் மண்ணையும் பிளாஸ்டிக்கால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டினாள். இனி எடை குறைந்தால் அது இலை வழியாகப் போன தண்ணீர்தான். ஒரு வாரம் தன்னைத் தவிர யாரும் ஊற்றக்கூடாது என்று மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் முனுசாமியிடம் சொன்னாள். அவர், மரம் விரதம் இருக்கிறது என்று வந்தவர்களிடம் சொன்னார். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்கு இருவரும் நிறுத்து எழுதினார்கள். வெயில் நாளில் மாடி மரம் தொள்ளாயிரம் கிராம் இழந்தது. அதை அளந்து திருப்பி ஊற்றினாள். மழை மூட்டமாய் இருந்த நாளில் முந்நூறு. மண்டபக் கன்று எந்த நாளிலும் எழுபதைத் தாண்டவில்லை.

“ஒரே வயசுதானேம்மா, இது மட்டும் ஏன் இப்படி?” என்றார் முனுசாமி.

“வெயில் பட்டாத்தாண்ணே இலை வாயத் திறக்கும். காத்தை உள்ள இழுக்கும்போது தண்ணி வெளிய போயிடும். இந்த இருட்டுல அதுக்கு என்ன வேலை? சும்மா உக்காந்திருக்கிறவனுக்குப் பத்து சொம்பு கொடுத்தா எப்படிலா?”

செயற்குழுவில் ரமணி சொன்னதை டத்தோ நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். மாடி மரத்துக்கு எந்தப் பிரமுகரும் ஊற்றவில்லை, அது பச்சையாக இருக்கிறது. ஆகவே அது நல்ல மரம், மண்டபத்து மரம் கெட்ட மரம் என்று விளக்கினார். தலைகள் ஆடின. ரமணி எடைத்தாளை மேசையில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. பிறகு வாடிய மரத்தைத் தொட்டியிலிருந்து உருவி அவர்கள் முன்னால் படுக்க வைத்தாள். வேர் கறுத்துக் கூழாகி இருந்தது. ஜன்னல் திறக்காத அறை. நாற்றம் பதவி வரிசைப்படி எல்லோரையும் சென்றடைந்தது.

“இது நோய் இல்ல டத்தோ. ரெண்டு மாசமா நீங்க செஞ்ச மரியாதை.”

இப்போது தாள் கைமாறியது. கடிதத்தைச் சத்தமில்லாமல் திரும்பப் பெறலாம் என்றார் டத்தோ. சத்தமாகத்தானே அனுப்பினீர்கள் என்றாள் ரமணி. விழாவிலேயே சொல்வதாக டத்தோ ஒப்புக்கொண்டார். அழைப்பிதழில் நீர் வார்ப்பு அச்சாகிவிட்டது, மரம் வேண்டுமே. மாடி மரத்துக்குத்தான் வார்க்க வேண்டும், அதுவும் மாடியிலேயே, காலை பதினொரு மணிக்கு, மொத்தம் தொள்ளாயிரம் மில்லி என்று ரமணி நிபந்தனை போட்டாள்.

விழாவன்று பதினொரு பிரமுகர்கள் கோட்டும் டையுமாக வெயிலில் வரிசை கட்டினார்கள். ஆளுக்கு எண்பது மில்லி சொச்சம். முதுகுகள் நனைந்தன. மரம் மட்டும் சௌகரியமாக இருந்தது. டத்தோ மைக்கைப் பிடித்து, “நம் சங்கம் நடத்திய ஆய்வில்…” என்று தொடங்கினார். பிறகு ரமணி அளந்து வைத்திருந்த தண்ணீர் ஜாடிக்காகக் கையை நீட்டினார்.

ரமணி கொடுக்கவில்லை.

“தராசு என்னுது, டத்தோ,” என்றாள். மைக் அதையும் எடுத்துச் சொன்னது.

டத்தோ ஜாடியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நிழல் எங்குமில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஆய்வு செய்தவர் பாலிக் புலாவ் ரமணி என்றும், அவர் கொடுத்த மரத்தில் குறையில்லை என்றும், அந்தக் கடிதம் சங்கத்தின் தவறு என்றும் தமிழில் சொன்னார். ரமணி அசையவில்லை. மலாயில் சொன்னார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

ஆங்கிலத்திலும் முடிந்த பிறகுதான் அவள் ஜாடியை நீட்டினாள்.