பலாப் பொந்தில் ஒரு பெயர்

அரைஞாண் கயிற்றை அறுக்க ஒரு கத்தி கிடைக்கவில்லை. செத்த வீட்டில் ஊரே இருக்கும், வேண்டிய சாமான் மட்டும் இருக்காது.

"ஒரு பிளேடாச்சும் கொண்டாங்கப்பா" என்று சித்தப்பா விஜயகுமார் கத்தினார். வாசலில் நாலு பேர் வேட்டியை மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். உள்ளே குளிப்பாட்டுவதற்காக ஐயாக்கண்ணுவின் உடலைப் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார்கள். மறைப்புக்கு இந்தப் பக்கம் கவிதா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். ஒரே மகள்.

முந்தின நாள் காலை எஸ்டேட்டின் மேல்காட்டில் பலாமரத்தடியில் விழுந்து கிடந்தார். முப்பது வருசம் வாட்ச்மேனாக நடந்த காடு. சோறு கொண்டுபோன அம்மா காளியாயிதான் பார்த்தாள். மாரடைப்பு என்று ஏற்காடு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவருடைய வலது கை மட்டும் மூடியது மூடியபடி இருந்தது. சித்தப்பா எவ்வளவு முயன்றும் விரல் விரியவில்லை.

பிளேடு வந்தது. அறுத்த கயிற்றைச் சித்தப்பா மறைப்புக்கு மேலாக நீட்டினார்.

"இத வெச்சுக்க கண்ணு. மூணு தாயத்துக் கட்டியிருக்காரு. உங்கப்பன் எப்ப இருந்து இதெல்லாம் நம்புனாரு?"

கவிதாவுக்கும் தெரியாது. குலசாமிக்கே வருசத்துக்கு ஒரு தரம் கும்பிடு போடுகிற மனுசன். ஒரு தாயத்தின் அரக்கு தண்ணீரில் கழன்றிருந்தது. உள்ளேயிருந்து காகிதச் சுருள் ஒன்று எட்டிப் பார்த்தது. மந்திரச் சீட்டாக இருக்கும் என்று நினைத்துத்தான் இழுத்தாள்.

'கவிதா, ஒண்டிக்கடை' என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து.

யாரும் பார்க்கும் முன் அதை உள்ளங்கையில் மடித்துக்கொண்டாள். 

அந்தக் காகிதம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒண்டிக்கடைப் பக்கம் லாட்ஜில் ரிசப்ஷன் வேலை அவளுக்கு. நாலு வருசத்துக்கு முன் தங்க வந்த பெங்களூர்க்காரர் பிரகாஷ் ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஒரு டப்பாவைக் காட்டில் ஒளித்துவைத்து, இடத்தை ஃபோனில் குறித்துவிட வேண்டும். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் தேடி வருவான். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் பேரும் தேதியும் எழுதுவான், பொம்மை, காசு என்று சின்னதாய் ஏதாவது உள்ளே போட்டுவிட்டு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவான். பிரகாஷ் கொட்டச்சேட்டு எஸ்டேட்டின் மேல்காட்டில், அதே பலாமரப் பொந்தில் டப்பாவை வைத்து, "நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அவளிடம் விட்டுப் போனார். மாசம் ஒரு தடவை போய்ப் பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாகத் தன் பெயரை எழுதிவிட்டு வருவாள். அப்பாவிடம் சொல்லவில்லை. மகள் காட்டெருமை திரிகிற காட்டில் ஊர்பேர் தெரியாத ஆட்களுக்கு வழிகாட்டுகிறாள் என்று தெரிந்தால் வேலையையே நிறுத்திவிடுவார்.

மாசியில் பழைய நோட்டு நிரம்பிப் புது நோட்டு வைத்தாள். இந்தப் பங்குனியிலிருந்துதான் அந்த டப்பா காணாமல் போக ஆரம்பித்தது. நாலைந்து நாள் இருக்காது, அப்புறம் பார்த்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். நோட்டில் அவள் பெயர் இருந்த இடம் மட்டும் கிழிந்திருக்கும். இரண்டு தடவை இப்படி நடந்தது. மூன்றாம் தடவை போனது எட்டு நாளாகியும் வரவில்லை. அன்றைக்கு லாட்ஜில் கூட வேலை செய்கிற ராணியிடம் வயிற்றெரிச்சலோடு சொன்னாள்:

"எடுக்கறவன் கை வெளங்காமப் போக!"

அப்பாவைப் பாடையில் வைத்தபோது அந்தக் கையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தூக்கப் போகிற நேரம் பார்த்து இடுப்பிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. விளையாட்டு ஆப்பில் யாரோ ஒரு டூரிஸ்ட் எழுதியிருந்தான். 'டப்பா திரும்ப வந்துவிட்டது. பொந்திலேயே இருக்கிறது.' பறையடிக்கிற சத்தத்தில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "ஃபோனப் பாக்கற நேரமாடி இது?" என்று ஒரு பெரியம்மா தோளில் அடித்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அம்மா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கவிதா மூன்று தாயத்துகளையும் அவள் முன்னால் வைத்தாள்.

"இது என்னம்மா?"

காளியாயி ஒரு தாயத்தை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"இனிச் சொன்னா என்ன, அவரே போய்ட்டாரு. பொந்துல ஆரோ செய்வினை வெச்சிருக்காங்கன்னாரு. பொம்மை, செகப்பு நூலு, ஊசி, நம்மூருக் காசில்லாத காசு. தாள் பூராவும் இங்கிலீசு எழுத்து, நடுவால உம்பேரு மட்டும் தமிழுல. நம்ம புள்ளயக் கட்டிப்புட்டாங்க காளின்னாரு. அன்னிக்குச் சோறு திங்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"யார் பேருக்கு வெச்சாங்களோ அவுங்க காதுல போட்டா ஒடனே ஏறிக்கும்னு கோடாங்கி குறி சொன்னாரு. ஊட்டுல வெக்கக்கூடாது, எரிக்கவும் கூடாது, எடுத்த எடத்துலயே வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வரணும்னாரு. அதான் டப்பாவ அவருகிட்டயே நாலு நாள் வெச்சு மந்திரிச்சு, உம்பேரக் கிழிச்சு இடுப்புல கட்டிக்கிட்டு, மஞ்சத்தண்ணி தெளிச்சு வெச்சுட்டு வந்தாரு. மறு மாசமே உம்பேரு மறுக்கா வந்துருச்சு. கிழிக்கக் கிழிக்க வருதேடின்னு அழுதாரு கண்ணு. அவரு அழுது நான் பாத்ததில்ல."



"அம்மா, அது செய்வினை இல்லம்மா. வெளையாட்டு. அந்தப் பேர எழுதுனதே நாந்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஃபோனை எடுத்து அந்த இடத்தின் படத்தையும் காட்டினாள். காளியாயி படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"வெளையாட்டுன்னா உங்கப்பன் ஏன் செத்தாரு?"

கவிதா ஃபோனை அணைத்தாள்.

"கடசியா ஒண்ணு சொன்னாரு" என்றாள் அம்மா. "அதுக்கு ஒரு பேரு இருக்கோணுமாட்ட இருக்குது, பேரில்லாம உடாது போலன்னு. அதுக்கப்பறம் என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியாது."

அன்று மத்தியானமே கவிதா மேல்காட்டுக்குப் போனாள். பனி இறங்கியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின்னால் சருகு மிதிபடுகிற மாதிரி இருந்தது. நின்றாள், அதுவும் நின்றது. அப்பாவின் வாட்ச்மேன் நடை அவளுக்குத் தெரியும், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். "அப்பா" என்று கூப்பிட வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

டப்பா பொந்தில் இருந்தது. மூடியில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் மூன்றாவது கிழிசல். அதற்குக் கீழே, அரிச்சுவடி எழுதுகிற பிள்ளையைப்போல அழுத்தி அழுத்தி, 'ஐயாக்கண்ணு'. பக்கத்தில் தேதி. அவர் செத்த தேதி. மற்றவர்கள் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார், பேர் முதலில், தேதி அப்புறம். அவருக்கும் கீழே டூரிஸ்ட் இங்கிலீசில் ஒரு நன்றி எழுதிவிட்டுப் போயிருந்தான்.

மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வீட்டில் அத்தனை பேர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது வராத அழுகை. நான் எழுதினேன், அவர் கிழித்தார், மறுபடியும் நான் எழுதினேன். அவர் பயந்து செத்தது என் கையெழுத்தைப் பார்த்து. போதாததற்கு என் வாயாலேயே சாபம் வேறு விட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இருட்டுவதற்கு முன் எழுந்தாள். டப்பாவுக்குள் கிடந்த பென்சிலை எடுத்து, அப்பா பெயரை ஒட்டி 'கவிதா' என்று எழுதினாள். யோசித்துச் செய்யவில்லை. அந்தத் தாளில் அவரைத் தனியாக விட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, அவர் செய்த மாதிரியே திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தாள்.

பத்து நாள் கழித்து பிரகாஷிடமிருந்து செய்தி வந்தது. 'டப்பா மறுபடி காணோம் போலிருக்கே?'

 எடுத்தவர்தான் மண்ணுக்குள் இருக்கிறாரே. அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் படுத்தாள். மூன்று நாளில் இன்னொரு செய்தி: 'வந்துவிட்டது, பழைய இடத்திலேயே. நோட்டில்தான் இன்னொரு கிழிசலாம்.'

அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். காலையில் பங்காளி வீட்டுப் பெண்கள் காளியாயியை உட்கார வைத்துத் தாலியை எடுத்தார்கள். அவள் அழவில்லை. சாயங்காலம் எல்லாரும் போனபிறகு வாசல் தொட்டியில் முகம் கழுவக் குனிந்தாள். கவிதா துண்டு கொடுக்கப் போனாள்.

அம்மாவின் வெறுங்கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கிடந்தது. அதன் நுனியில் புதுத் தாயத்து. விரல் நகங்களில் மஞ்சள்.

காளியாயி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"காலைலருந்து ஒண்ணும் திங்கலியே கண்ணு. வா, சோறு போடறேன்" என்றாள்.