கூரை வைக்காத தேவாலயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தேவாலயம் இடிந்துபோனது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அயர்லாந்திலிருந்து வந்த நோரா அம்மையார்தான் அது இடியவே இல்லை என்றார். நூறு வருடத்துக்கு முன் தோட்டத்தை ஆண்ட அவருடைய கொள்ளுத்தாத்தா, தன் ஊரிலிருந்த எழுநூறு வருடப் பழைய தேவாலயத்தைப் போலவே இதைக் கட்டினாராம். அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர்த் தேவாலயத்தின் கூரை விழுந்துவிட்டது. அவர் கண்டது நாலு மொட்டைச் சுவர்; இங்கே கட்டியதும் நாலு மொட்டைச் சுவர். தெல்தெனியப் பக்கத்து மழையில் வெள்ளைக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு ஜெபித்திருக்கிறார்கள்.

நோரா தன் ஊர்ப் படத்தைக் காட்டினார். பாசி, பனிமூட்டம், சாய்ந்த சிலுவைகள். மொழிபெயர்ப்பு நாவல்களில் நான் எத்தனையோ மாலைகள் உலவிய இடம். அங்கே கறுப்பு உடை அணிந்த பெண்கள் கல்லறையில் சாய்ந்து பெருமூச்சு விடுவார்கள். எங்கள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஆடு மேயும்.

ஆங்கிலம் தெரிந்தவள் என்று, தோட்டத்தை இப்போது நிர்வகிக்கும் துரை என்னைக் கூட்டி வந்திருந்தார். வழியிலேயே திட்டத்தைச் சொல்லிவிட்டார். அம்மையார் தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையைக் காட்டியதும் அதற்கு மட்டும் வேலி. மிச்ச இடத்தைத் தோண்டித் தேயிலை.

அந்த மிச்சத்தில்தான் சின்னமுத்து மாமா கிடந்தார். தோட்டத்தில் செத்தவர்களைத் தேயிலைக்குள்ளேயே புதைப்பார்கள். பழைய செடியைப் பிடுங்கிப் புதுச்செடி வைக்கும்போது குழியும் காணாமல் போகும். நல்லம்மா அத்தையின் மாமனாரும் மாமியாரும் அப்படித்தான் ஏற்றுமதித் தரத்துக்கு உயர்ந்தார்கள். அதனால் புருஷன் சின்னமுத்து மாமா செத்தபோது, துரை கொழும்புக்குப் போயிருந்த ஒரு பகலில், அத்தை அவரை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே புதைத்துவிட்டார்.

அட்டைக் கடிக்குப் பயந்து துரை பாதையிலேயே நின்றுகொண்டார். நோரா கல் கல்லாகத் தடவிப் பார்த்தார். தாத்தாவின் பெயர்க்கல் இல்லை. அது பீலிக்கரையில் துணி துவைக்கும் கல்லாக நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதை நான் சொல்லவில்லை.

ஒரே ஒரு குழிமேடுதான் புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. செவ்வந்தி மாலை, சுருட்டு, அரைக் கிளாஸ் சாராயம். முதல் நாள்தான் மாமாவின் திவசம். அருகே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அத்தை நின்றார்.

நோரா மண்டியிட்டார். “சுருட்டு! அவருக்குச் சுருட்டு என்றால் உயிர் என்று கடிதங்களில் இருக்கிறது. இத்தனை வருடமாக மறக்காமல்... இது அவர்தானே?”

அவர் விம்மத் தொடங்கினார்.

“என்னா புள்ள, இவ எதுக்கு அழுவுறா? மனுசன் செத்தப்ப நானே இம்புட்டு அழுவல.”

“அவங்க தாத்தானு நெனச்சிட்டாங்க அத்தை. ஆமானு சொல்லிட்டா வேலி போடுவாங்க. தோண்ட மாட்டாங்க.”

“அப்ப பேரு?”

“கல்லுல அவங்க தாத்தா பேருதான் வரும்.”

“உசுரோட இருந்தப்ப தொரமாரு தலைக்கு மேல நின்னு அதட்டுனது பத்தலியாமா?”

“கிடைச்சதா?” என்று பாதையிலிருந்து துரை கத்தினார்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு குழிமேட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அவர்தான்,” என்றேன் நோராவிடம். “இவர் குடும்பம்தான் தலைமுறை தலைமுறையாகப் பூ வைக்கிறது.”

நோரா எழுந்து அத்தையைக் கத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பளிங்குக் கல் அனுப்புவதாகச் சொன்னார். அத்தை அந்த அணைப்பில் விறைத்து நின்றபடியே என்னிடம் சொன்னார்:

“சரி, நடட்டும். ஆனா தலமாட்டுல வேணாம். கால்மாட்டுல நடச் சொல்லு.”

மிக உயர்ந்தவர்களுக்குக் கல்லைக் காலடியில் நடுவதுதான் எங்கள் சம்பிரதாயம் என்று மொழிபெயர்த்தேன். நோரா அதைப் பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அதற்குள் அத்தை குழிமேட்டின் கால்மாட்டுக்குப் போய், கல் நிற்க வேண்டிய இடத்தைக் கத்தி முனையால் கீறிக்கொண்டிருந்தார்.