தோளில் இருந்த கை

முப்பத்தொரு வருடம் ஒரே நாற்காலியில் ஊரையே உட்காரவைத்துப் படம் பிடித்தவர் அவர். பாஸ்போர்ட், விசா, கல்லூரி அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம். "நேரா பாருங்க, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க" என்பதைத் தாண்டி மனிதர்களோடு அவருக்குப் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவரை ஸ்டுடியோக்காரர் என்பார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த மனைவி, மகளுக்குக் குழந்தை பிறந்ததென்று விமானம் ஏறிப்போய் நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் அவ்வப்போது வாயைத் திறந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்டுடியோக் கதவில் 'ஒரு வாரம் விடுமுறை' என்று ஒட்டிவிட்டு, காமிராவைத் தூக்கிப் பழைய காரில் வைத்துக்கொண்டு மனிதர் கிளம்பிவிட்டார். எங்கே என்று கேட்ட மருந்துக்கடைக்காரரிடம், "சும்மா, வெளியில போய் நாலு படம் எடுக்கலாம்னு" என்றார்.

பச்சைப் பொய். மூன்று நாள் பயணத்தின் கடைசியில் ஒரு ஊர் இருந்தது. அந்த ஊரில், பதினோரு வருடமாகப் பேசாத தம்பி இருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வழியில் தைரியம் கைவிட்டுவிட்டால், படம் எடுக்கத்தானே வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடலாம். காமிரா கூட வந்தது அதற்குத்தான்.

செய்த தப்பு இது. அப்பா கடைசி ஆறு வருடம் தம்பி வீட்டில் இருந்தார். அவர் இறந்த அன்று ஸ்டுடியோக்காரர் ஓடோடிப் போனார். மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுநூறு பிள்ளைகளுக்குப் படம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்ததால் அன்றே ஓடோடித் திரும்பியும் விட்டார். சுவரில் மாட்ட அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். தனியாக எடுத்த படம் எதுவும் உருப்படியாக இல்லை. வந்து சேர்ந்த படத்தில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் தம்பி நின்றான், அவன் கை அப்பாவின் தோள்மேல் இருந்தது. ஸ்டுடியோக்காரர் தம்பியை வெட்டினார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் வெட்டத்தான் செய்வார்கள். தோளில் மிச்சம் நின்ற நாலு விரல்தான் கண்ணை உறுத்தியது. இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த விரல்களை அழித்தார். அப்பா போட்டிருந்தது கோடு போட்ட சட்டை; ஒவ்வொரு கோடாக இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. முடித்ததும் தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டார். ஃப்ரேம் போட்டுக் கூரியரில் அனுப்பினார். அதோடு சரி, தம்பி போன் பண்ணவே இல்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. ஆறு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்த கை அது. அதைப் போய்த் தூசி தட்டுவதுபோல் தட்டிவிட்டோமே என்று எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது. கூப்பிட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாள் போகப் போக வெட்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

முதல் நாள் முழுக்க எதையாவது எடுத்துக்கொண்டே போனார். பூட்டிய கடை, காலிப் பேருந்து நிறுத்தம், கொடியில் காயும் ஒற்றைச் சட்டை. சாயங்காலம் ஒரு லாட்ஜில் இறங்கியபோது, மேனேஜர் லெட்ஜரை விரித்து வைத்துக்கொண்டு, "எத்தனை பேரு?" என்றான்.

"ஒருத்தர்தான்."

மேனேஜர் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டே எழுதினான்.

அறையில் கட்டிலும், கால் ஆடும் மேசையும், சுவரில் கடற்கரைப் படமும் இருந்தன. கட்டிலில் சாய்ந்து அன்றைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இருநூற்றுப் பதினான்கு படம். ஒன்றில்கூட ஆள் இல்லை. மனைவிக்கு இரண்டு படம் அனுப்பினார்; 'நல்லாருக்கு, சாப்பிட்டீங்களா' என்று பதில் வந்தது. சாப்பிட்டேன் என்று எழுதிவிட்டு, சாப்பிடாமலே படுத்தார்.

இரண்டாம் நாள் மதியம் சாலையோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினார். பக்கத்து பெஞ்சில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, தன் அம்மாவுக்கு பன்னை டீயில் நனைத்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகிறார்களாம், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்களாம். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். காமிராவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"சார், அம்மாவ ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா? என் போன்ல எடுத்தா மூஞ்சி கறுப்பாவே விழுது."

"வெளிச்சம் பின்னாடி இருக்கு, அதான். இந்தப் பக்கம் திருப்பி உக்கார வைங்க." தொழில் தெரிந்த இடத்தில் அவருக்குக் குரலே வேறு. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்கம்மா. நீங்க தள்ளி நில்லுங்க. அந்தக் கைய எடுத்துடுங்க, படத்துல வருது."

"எடுத்தா சாஞ்சிடுவாங்க சார்."

"ஒரு செகண்டுதான்."

அவள் கையை எடுத்தாள். பாட்டியம்மா அரிசி மூட்டை சரிவதுபோல் மெதுவாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்தார். மகள் சட்டென்று பிடித்து நிமிர்த்தி, "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தார்.

ஸ்டுடியோக்காரர் காமிராவை இறக்கினார். தம்பியின் கையைப் பாசத்துக்கு வைத்த கை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அப்பாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கை இல்லாவிட்டால் அந்தப் படமே இல்லை. தாங்கிப் பிடித்தவனை அழித்துவிட்டு, அப்பா தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததாக அல்லவா சுவரில் மாட்டவைத்திருக்கிறார்!

"கை இருக்கட்டும்மா," என்றார். கையோடு சேர்த்தே எடுத்தார். ஏழு படம்.

நம்பரைக் குறித்துக் கொடுத்தபடி அவள், "தனியாவா போறீங்க?" என்றாள்.

"தம்பி வீட்டுக்குப் போறேன்."

வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

"அப்ப கிளம்புங்க சார், பாவம், காத்துக்கிட்டு இருப்பாரு."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் சிரிக்காதே என்று சொல்லியே வாழ்ந்தவருக்கு அழவும் பழக்கமில்லை. மூக்குதான் முதலில் ஒழுகியது. அதற்கப்புறம் திரும்பிப்போகும் நினைப்பே வரவில்லை. மறுநாள் பூராவும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சொல்லப்போவதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

தம்பிக்குக் கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் தைக்கும் கடை. சுவரோரம் ரெக்சின் சுருள்கள் அடுக்கியிருந்தன. தரையெல்லாம் நுரைத் துண்டுகள், பசை நெடி மூக்கைத் துளைத்தது. மெஷினில் குனிந்திருந்தவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணாடி வேறு போட்டிருந்தான். ஸ்டுடியோக்காரர் ஒரு கணம் அப்பா என்றே நினைத்துவிட்டார்.

தம்பி நிமிர்ந்தான். "வா," என்றான். நூலைச் சரிசெய்துகொண்டே, "அண்ணி நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கா. பாப்பாவுக்குக் குழந்தை பொறந்திருக்கு."

"கேள்விப்பட்டேன்."

உட்காரச் சொல்லவில்லை. ஸ்டுடியோக்காரர் நின்றபடியே ஒப்பித்தார். படம், தோள், விரல்கள், கோடு போட்ட சட்டை, டீக்கடையில் சாய்ந்த அம்மா. "உன் கைய அழிச்சிட்டேன்டா. என்னை மன்னிச்சிடு," என்று முடித்தார்.

தம்பி புரியாமல் பார்த்தான்.

"எந்தக் கை?"

"அப்பா தோள்மேல இருந்துச்சே."

"அந்தப் படத்துல நான் இருந்தேனா? என் பொண்டாட்டிதான் எதையோ தேடி எடுத்து அனுப்புனா. நான் அதைக் கவனிக்கக்கூட இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இதுக்காகத்தான் நான் பேசலன்னு நினைச்சியா?"

"பின்ன?"

தம்பி கையிலிருந்த ரெக்சின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்தான்.

"அப்பா போன மறுநாள் நீ போன் பண்ணினே. வீட்ல எல்லாரும் போயிட்டாங்க. அவர் கட்டில்ல நான் மட்டும் உக்காந்திருந்தேன். உன் பேரைப் பார்த்ததும் அழுகையா வந்துடுச்சு, அழுதுக்கிட்டேதான் எடுத்தேன். 'பிரிண்ட் க்ளாஸியா போடவா, மேட்டா போடவா'ன்னு கேட்ட."

ஸ்டுடியோக்காரருக்கு அது ஞாபகமே இல்லை.

"மேட்டுன்னு சொன்னேன். எந்த சைஸ்னு கேட்ட. அதையும் சொன்னேன். வச்சிட்ட."

"அவ்வளவுதானேடா கேட்டேன்?"

"ஆமா. அவ்வளவுதான் கேட்ட."

தம்பி குனிந்து மெஷினை ஓட்டத் தொடங்கினான். முந்நூறு மைல் தூரம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த மன்னிப்பு எதற்கும் உதவாமல் போனது. பெரிய பாவம் என்று எதையோ பதினோரு வருடம் சுமந்திருக்கிறார். இவனோ ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்திருக்கிறான். போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நீ எப்படிடா இருக்க?" என்றார்.

மெஷின் நிற்கவில்லை. தம்பி அந்தத் தையலைக் கடைசிவரை ஓட்டி முடித்தான். நூலை வெட்டினான். சுவிட்சை அணைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தான்.

"அன்னிக்கா, இப்பவா?"

"அன்னிக்கு."

தம்பி சொல்வதற்கு வாயைத் திறந்தான். வார்த்தை வருவதற்குள் முகம் உடைந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது மனிதன், அப்பா நேற்றுத்தான் போனதுபோல் விம்மி விம்மி அழுதான். ஸ்டுடியோக்காரர் அவன் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.