முஃபீதா நிறுத்திய கதை

முஃபீதா ஆறு வருடம் ஒசாக்காவில் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்துவிட்டு வந்து, புத்தளத்தில் ஜப்பான் மொழி வகுப்பு நடத்தினாள். அதே வேலைக்குப் போக இருப்பவர்கள்தான் அவளிடம் படித்தார்கள்.

சனிக்கிழமைகளில் கடைசி அரை மணித்தியாலம் ஒரு ஜப்பானியச் சிறுகதையை வாசித்து விளங்கப்படுத்துவாள். தனியே வாழும் கிழவர் ஒருவரின் கதை. மகன் தொலைபேசியில் விசாரிக்கும்போதெல்லாம் அவர் "தாய்ஜோபு", அதாவது "பரவாயில்லை" என்பார். எழும்ப முடியாமல் கிடந்த நாளிலும் அதையேதான் சொன்னார்.

அதன் இரண்டாம் பக்கத்தை வாசிக்கும்போது அஜித்தா கையை உயர்த்தினாள். பக்கத்து ஊரான முந்தலிலிருந்து வருகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய்.

"மிஸ், இது சோதனைக்கு வருமா?"

"வராது. ஆனா அந்த ஊர் ஆக்கள விளங்கிக்கொள்ள..."

"சோதனைக்கு அஞ்சு கிழமதான் இருக்கு மிஸ். இலக்கணத்தச் சொல்லித் தாங்களேன்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். முஃபீதாவுக்கும் நல்ல பெறுபேறு தேவைப்பட்டது. கதைத் தாள்களைத் திரும்ப வாங்கி அலுமாரியில் வைத்தாள். பதினொரு பேரில் பத்துப் பேர் சித்தியடைந்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம் ஜப்பானிலிருந்து அஜித்தா அழைத்தாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"எங்கட இல்லத்தில ஒரு அம்மா மிஸ். காலையில முகம் ஒரு மாதிரி இருந்திச்சி. நோகுதா எண்டு கேட்டன். சிரிச்சிக்கிட்டே தாய்ஜோபு எண்டா. மத்தியானமும் அப்படித்தான் சொன்னா. நான் நம்பிட்டன். ராத்திரியே விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு மிஸ். ஆஸ்பத்திரியில வச்சி முந்தநாள் செத்துப்போனா."

"உங்களுக்கு ஏசினாங்களா?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அதுதான் தாங்க ஏலாம இருக்கு."

ஒசாக்காவுக்குப் போன முதல் வருடம் அதே மாதிரியான சிரிப்பை நம்பி முஃபீதாவும் ஏமாந்திருந்தாள். அதனால்தான் அந்தக் கதையைத் தேடி எடுத்திருந்தாள்.

"பிழை என்ட, அஜித்தா. கதைய நான் நிப்பாட்டியிருக்கக் கூடாது."

"நாங்கதானே மிஸ் வேணாமெண்டு சொன்னம்."

அதோடு அஜித்தா தொலைபேசியை வைத்தாள்.

புதிய வகுப்புக்கு முஃபீதா அந்தக் கதையை முதல் வாரமே கடைசி வரி வரைக்கும் வாசித்தாள்.

அடுத்த மாதம் முந்தலில் அஜித்தாவின் கணவன் கில்பட்டைக் கண்டாள்.

"இப்ப அவ உடுப்புக் கழுவுற பக்கம் மிஸ்," என்றான். "தானா கேட்டு மாறினவ. வயசான ஆக்களோட எவ்வளவு ஆசையாக் கதைப்பா! ஏன் மாறினா எண்டு எனக்கு விளங்கல்ல. உங்களுக்கு ஏதும் சொன்னாவா?"

முஃபீதா அந்தக் கிழவரின் கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள்.