பத்து விநாடி மௌனம்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஓர் அரசு அலுவலகத்தில், தமிழ் மனுக்களுக்குப் பதில் எழுதும் சீட் அருமைநாயகத்துடையது. பிறவியிலேயே அவருக்குக் கண் தெரியாது. பதினோரு வருடம் டெலிபோன் எடுத்து, விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் போட்டு, மல்லுக்கட்டி வாங்கிய சீட். லினக்ஸ் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும், அவர் கேட்டுக்கொண்டே டைப் அடிப்பார்.

அந்தக் குரல்தான் மூன்று வாரமாகக் காலை வாருகிறது. நன்றாகப் பேசிக்கொண்டே இருக்கும், திடீரென்று வாயடைத்துப் போகும். மறுபடி ஆஃப் செய்து ஆன் செய்தால் ஒன்றும் நடக்காதது போல் பேசும். அதற்குள் பாதி அடித்த கடிதம் போய்விடும். மேஜையில் மனுக்கள் குவிந்துவிட்டன.

டெக்னீஷியன் பினு மூன்று முறை வந்தான். வந்ததும் ஒரு சினிமாப் பாட்டைப் போடுவான், அது பல்லவி, சரணம் எல்லாம் பாடி முடிக்கும்.

"நல்லா பாடுதல்லே சாரே? மெஷினுக்கு ஒரு குழப்பமும் இல்ல கேட்டோ."

அவன் மாடிப்படி இறங்குவதற்குள் மெஷின் ஊமையாகிவிடும். ஆளைப் பார்த்து நடிக்கிறதா சனியன்? ஒருவேளை கோளாறு தன் காதில்தானோ என்றுகூட நாயகம் நினைத்தார். காதும் போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

செக்‌ஷன் சூப்பிரண்டு மங்கலம், ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரி, நல்ல மனுஷி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நாயகம், சிரமமா இருந்தா சொல்லிடுங்கோ. டெலிபோன் சீட் காலியாத்தான் இருக்கு" என்றாள் பரிவாக. வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்றும் சொன்னாள். அந்தப் பரிவு அவரைச் சுட்டது.

வியாழக்கிழமை மனைவி ரத்னாபாய் போன் செய்தாள். நெத்திலி வாங்கவா, சாளை வாங்கவா என்று அவள் முடிவுக்கு வர ஐந்து நிமிடமானது. திரும்பி வந்து கீயைத் தட்டினால் மெஷின் பேசவில்லை. முந்தாநாள் டீ குடித்துவிட்டு வந்தபோதும் இப்படித்தான். திங்கட்கிழமை ஒரு வாக்கியத்தை யோசித்துக்கொண்டு சும்மா இருந்தபோதும் இப்படித்தான். மடமடவென்று அடிக்கும்போது ஒருநாளும் போனதில்லை. சும்மா விட்டால்தான் போகிறது. பினுவின் பாட்டோ அதைச் சும்மா விட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை மங்கலம் கையில் மாற்றல் உத்தரவோடு வந்தாள். நாயகம் எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்காரச் சொன்னார். திரையை அணைத்தார். வரவழைத்திருந்த பினுவை அவனுடைய லேப்டாப் வழியாக இந்தக் கம்ப்யூட்டரின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். மங்கலம் கீயைத் தட்டத் தட்ட மெஷின் வரிவரியாக வாசித்தது.

"இனி ஒரு நிமிஷம் எதையும் தொடாதீங்க மேடம். அப்புறம் தட்டுங்க."

ஒரு நிமிடம் கழித்துத் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி தட்டினாள்.

பினு லேப்டாப்பில் வந்ததை வாசித்தான். டைம்அவுட், டைம்அவுட் என்று வரிவரியாகக் கிடக்கிறதாம். பத்து விநாடி சத்தம் வராவிட்டால் கரண்டை மிச்சப்படுத்த சவுண்ட் கார்டு தூங்கப் போகிறது. எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுகிறது. தூங்கவே விடாதபடி செட்டிங்கில் ஓர் எண்ணைப் பூஜ்யமாக்கினால் போதும் என்றான்.

மங்கலம் அதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. இருண்ட திரைக்கு முன்னால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நாயகம், இப்போ நான் எந்த வரியில இருக்கேன்?"

"அதைத்தான் மேடம், மூணு வாரமா நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

தட்டுவது நின்றது. பிறகு தாள் ஒன்று நீளவாக்கில் கிழிபடும் சத்தம் அருமைநாயகத்தின் காதில் தெளிவாக விழுந்தது.