புகையில்லாத அடுப்பு

கமலேஸ்வரத்தில் மெயின் ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் பெட்டி ஆட்டோ நுழையாது. டிரைவர் அடுப்பைச் சந்து முனையிலேயே இறக்கி வைத்துவிட்டு, இனி உங்கள் பாடு என்பதுபோல வண்டியைத் திருப்பிவிட்டார். இடுப்புயரம் இருந்த அந்தக் கேஸ் அடுப்பு, பூட்டிப்போன ஏதோ பேக்கரியிலிருந்து வாங்கியது. தாணுமாலையன் ஒரு பக்கமும், மனைவி வடிவம்மாளும் மகள் ஷிஜாவும் மறுபக்கமுமாகத் தூக்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் இறக்கி வைக்கச் சொல்லி, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசில் அடிப்பதுபோலச் சத்தம் வந்தது.

"போதும்ப்பா. அடுத்த வீட்டு ஆள யாரையாவது கூப்பிடட்டா?" என்றாள் ஷிஜா. அவள் துணிக்கடையில் வேலை பார்ப்பவள். இதற்காகவே அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

"ஒண்ணும் வேண்டாம் மக்கா. புகை தின்ன நெஞ்சுல்லா, அப்படித்தான் இருக்கும். இனிமே புகையே கெடையாது. பத்து நாள்ல செரியாயிரும் பாத்துக்கோ."

அந்த நம்பிக்கையில்தான் வீடே வாங்கியிருந்தார்கள். ஆரியசாலையில் வன்னியபெருமாளின் பேக்கரிக்குப் பின்னால் ஒரு போர்மா இருக்கிறது. பன்னும் ரொட்டியும் வேகிற செங்கல் அடுப்புக்கு மலையாளம் பேசும் இந்த ஊரில் போர்மா என்று பெயர். அடுப்பு இருக்கிற கொட்டகைக்கும் அதே பெயர்தான். தக்கலையிலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்த தாணுமாலையன் அன்றிலிருந்து அங்கேதான் மாவு பிசைகிறார். ரப்பர் விறகு எரியும், புகைக்கூண்டு பாதி அடைந்து கிடக்கும், ஆளுக்கு ஒரு இருமல் இருக்கும். இருமாத ஆளைப் பார்த்தால், "என்னடே, நேத்து வந்தியா?" என்று கேலி செய்வார்கள். எவன் இருமல் பெரியதோ அவன் சீனியர். புகைதான் காரணம் என்று முதலாளி சொன்னார், மற்றவர்களும் சொன்னார்கள். தாணுமாலையனும் புதிதாக வந்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தார்.

வடிவம்மாள் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் செய்கிறவள். ஊருக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிறவளுக்குத் தன் அடுக்களை என்று ஒன்று வாய்க்கவில்லை. குடியிருந்த வாடகை வீடுகளில் மீன் பொரித்தால் மேல்வீட்டுக்காரருக்குத் தலைவலி வந்தது, இடித்தால் கீழ்வீட்டுக்காரருக்கு வந்தது. சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு அனுமதி கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இரண்டு அறையும் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல் வைத்த ஓர் அடுக்களையும் கொண்ட இந்த வீட்டைப் பார்த்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். மனுஷனை அந்தப் புகையிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். புகையில்லாத அடுப்பு ஒன்று வாங்கிப் போட்டு, இரண்டு பேருமாகத் தேங்காய் பன் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும். அவர் கைப்பன்னுக்கு ஆரியசாலையில் ஆள் உண்டு. அவர் இருமாமல் தூங்குகிற ஒரு ராத்திரியைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை.

புதுவீட்டுப் பால்காய்ச்சு அன்று காலையில் பால் நன்றாகவே பொங்கி வழிந்தது. அடுப்புத் திட்டில் காய்ந்த பாலைத் துடைக்கப் போன ஷிஜாவை வடிவம்மாள் விடவில்லை. கிடக்கட்டும், இன்றைக்கு ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். வந்திருந்தவர்களுக்கு இட்லியும் ரசவடையும் கொடுத்து அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு நேராக மூன்று ஆணி அடித்தாள். ஒன்றில் மாவு சலிக்கும் அரிப்பை மாட்டினாள். மற்ற இரண்டில் மாட்ட ஒன்றும் இல்லை. அதனால் என்ன, ஆணி இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவர் அடுப்பை மூட்டினார். மேஜையில் ஈரத்துணி போட்டுத் துடைத்து, காய்ந்ததும் மாவை அள்ளி மணிக்கட்டைச் சுழற்றி ஒரு வீசு வீசினார். மேஜை முழுக்க ஒரே கனத்தில் வெள்ளையாக விழுந்தது. வடிவம்மாள் கையிலிருந்த தேங்காய் மூடியை மறந்து நின்றாள். கல்யாணமான நாள் முதல் இந்த மனிதர் புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவதைத்தான் பார்த்திருக்கிறாள். வேலை செய்து பார்த்ததில்லை. போர்மாவுக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை.

"என்ன பாக்க?" என்றார் அவர்.

"சும்மாதான். கையில இம்புட்டு வித்தைய வச்சிக்கிட்டு ஒரு நாளு கூட எங்கிட்ட காட்டல்லியே."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவளைச் சிரிக்க வைக்க இன்னொரு பிடி அள்ளி, முன்னைவிட உயரத்திலிருந்து வீசினார். ஜன்னல் வெயிலில் மாவு இறங்காமல் நின்றது. மூன்றாவது உருண்டையை உருட்டும்போது இருமல் தொடங்கியது. ஐந்தாவதுக்குள் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. உதடு நீலம் பாய்ந்தது.

வடிவம்மாள் அடுப்பைப் பார்த்தாள். நீலச் சுடர் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. "புகையே இல்லியே," என்றாள். "புகையே இல்லியே மக்கா." அதற்குள் ஷிஜா ஆட்டோவுக்கு ஓடிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் மாஸ்க் வைத்து மருந்தை இழுக்க வைத்தார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வந்தபின் குழாயில் ஊதச் சொன்னார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரி. பொறுமையாகக் கேட்டாள். ஜோலி என்ன, எத்தனை காலமாக, லீவு நாளில் இருமல் எப்படி இருக்கும்?

தாணுமாலையன் யோசித்தார். மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரம் போய் ஒரு வாரம் அண்ணன் வீட்டில் தங்குவது உண்டு. அங்கே இருமியதாக நினைவில்லை. அண்ணனோடு சேர்ந்து மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் பீடி கூடக் குடித்திருக்கிறார். வடிவம்மாள் பக்கத்தில் இருந்ததால் பீடியை மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்போ புகையல்ல," என்றாள் டாக்டர். "மாவாணு. மாவுள்ள முறியில் இனி நிக்கவே பாடில்ல."

ஷிஜா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மாவு இருக்கிற அறையில் இனி நிற்கவே கூடாது என்பது அவருக்கே புரிந்துவிட்டது. கூடப்பிறந்தவனே இத்தனை காலம் வீட்டில் திருடினான் என்று யாரோ வந்து சொன்னதுபோல உட்கார்ந்திருந்தார். "மாவா?" என்று மட்டும் கேட்டார். பதில் வேண்டிக் கேட்டதல்ல.

இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று கற்றுக்கொண்டு, அடுத்த வாரம் அவர் ஆரியசாலைக்குப் போனார். வன்னியபெருமாள் கல்லாவில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. விவரத்தைக் கேட்டுவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"தேகம்லா முக்கியம் தாணு. இனிமே நீ வரண்டாம். சுகமா இரி."

"நான் வரல்ல முதலாளி. மத்தவங்களும் இருமுதானுவ. நம்ம சிவதாணு ரெத்தம் வாற மாதிரி இருமுதான். மூக்குல கெட்டுததுக்கு நல்ல மாஸ்க் ஏதாவது வாங்கிக் குடுத்து, ஒரு ஃபேனும் வச்சா…"

"அவனுவளுக்குப் புகைடே. உனக்குத்தான் மாவு." அந்தப் பேச்சு அங்கே முடிந்தது. அவர் எழுந்து வந்து தாணுமாலையனின் தோளில் கைவைத்தார். "வீடு வாங்கினே, நான் ஒண்ணும் தரல்லியேடே. வெறுங்கையோட போவாதே."

பையன்கள் குடோனிலிருந்து ஒரு சாக்கு மைதாவைக் கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதலாளி கொடுத்ததை மறுத்துப் பழக்கமில்லை. சாக்கு பின்சீட்டில் வந்தது. அவர் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, தலையை வெளியே நீட்டியபடி வந்தார்.

வடிவம்மாள் வாசலில் நின்று சாக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கணக்கு தீத்தாச்சா?" என்று கேட்டாள்.

"தேகத்தப் பாத்துக்கிடச் சொன்னாரு."

"அதுக்கு மாவு தந்தாராக்கும்," என்றாள். சாக்கைத் தானே இழுத்து அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் அழுதாளா என்பது தாணுமாலையனுக்குத் தெரியவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அன்று சாப்பிடும்போது அவர் சொன்னார். "அடுப்ப வித்துருவோம் வடிவு. ஆள் இருக்கு, எடுத்துக்கிடுவான்."

"என் அடுக்களையில கெடக்க சாதனத்த விக்கதுக்கு நீங்க யாரு?"

"நான் அதுல கைவைக்கக் கூடாதே. பின்ன எதுக்கு அது?"

"எனக்குக் கையில்லியா? இருநூறு பிள்ளியளுக்குச் சப்பாத்தி பெரட்டுத கைதானே இது. நான் செய்யுதேன். நீங்க வெளிய நின்னு சொல்லுங்க. ஜன்னல் எதுக்கு வச்சிருக்கு?"

அவர் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "நான் வெளிய நிக்கதுக்கா வீடு வாங்கினோம்?"

வடிவம்மாள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு அவள் அடுக்களைக் கதவை உள்ளிருந்து தாழ்போட்டாள். கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்தாள். தாணுமாலையன் வெளியே, சந்தில், ஜன்னலை ஒட்டி நின்றார். மூக்கிலும் வாயிலும் நனைத்த தோர்த்துத் துண்டு கட்டியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது.

"ஈஸ்ட் நுரைச்சிட்டா?"

"பொங்கி நிக்கு."

"மாவ மெதுவா தட்டு. சாக்க ஒதறாதே." சொல்லிக்கொண்டே அவர் இரண்டடி பின்னால் போனார். ஜன்னல் கம்பி வழியாக வெள்ளையாக ஒன்று வந்து சந்தில் கலைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "இனி பிசை. சப்பாத்தி மாதிரி அமுக்காதே, இழுத்து மடக்கு. இழு, மடக்கு. ஆங், அப்படித்தான்."

"போதுமா?"

"உன் காது மடலத் தொட்டுப் பாரு. மாவும் அந்தப் பதத்துல இருக்கணும்."

வடிவம்மாள் மாவுக்கையால் காதைத் தொட்டாள். மாவைத் தொட்டாள். மறுபடி காதைத் தொட்டாள். கம்மலுக்கு மேலே வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. எட்டித் துடைத்துவிட வேண்டும் என்று அவருக்குக் கை பரபரத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளை அன்றுபோல அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்ன பாக்கீய?"

"ஒண்ணுமில்ல. புருவத்துலயும் மாவு இருக்கு."

"இருக்கட்டும். அடுப்புச் சூடு எப்படித் தெரியும்? முள்ளு ஓடல்ல இதுல."

"ஒரு நுள்ளு மாவ உள்ள தகட்டுல போடு. என்ன நெறத்துக்கு வருதுண்ணு சொல்லு."

அவள் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். "உங்க பல்லு நெறத்துக்கு வந்தாச்சி."

"அப்பம் செரியான சூடு. ட்ரேயத் தள்ளு," என்றார் தோர்த்துக்குள்ளிருந்து. உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்து இருமலானது. ஜேபியிலிருந்து இன்ஹேலரை எடுத்து, தோர்த்தை விலக்கி ஒருமுறை இழுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியின் துலாமாச மழை, சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஷிஜா முன்வாசல் வழியாகக் குடையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடைக்குள் நின்றபடியே வாசனை பிடித்தார். முதலில் ஈஸ்ட், பிறகு சர்க்கரை, கடைசியில் தேங்காய் லேசாகத் தீயத் தொடங்குகிற மணம். "எடுத்துரு," என்றார். அவள் எடுத்தாள்.

முழங்கை வரைக்கும் கழுவிய கையை வடிவம்மாள் கம்பி வழியாக நீட்டினாள். வாழையிலைத் துண்டில் ஒரு பன் ஆவி பறந்தது. அவர் தோர்த்தை இறக்கி, நடுவில் பிய்த்து, உள்ளே பார்த்தார். நூல்நூலாகப் பிரிந்தது.

"எப்படி இருக்குண்ணு சொல்லுங்களேன்."

"ஆரியசாலையில இப்படிக் கெடைக்காது," என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. வடிவம்மாள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உள்ள வந்துராதீங்க, கேட்டீளா. தரையெல்லாம் ஈரத்துணி போடணும். நான் குளிச்சுத் துணிமாத்தணும். அதுவரைக்கும் கதவத் தொறக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். ஜன்னலையும் அவள் சாத்தினாள். உள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது. சந்தில் தண்ணீர் ஓடத் தொடங்கி அவருடைய செருப்பைத் தொட்டது. எதிர்வீட்டுச் சரோஜம் கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்தவள், குடையோடு நிற்கிறவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எந்தா சேட்டா இது? சொந்தம் வீடல்லே, உள்ளே கேறி இருந்நூடே?" உள்ளே போய் உட்காரக் கூடாதா என்று கேட்டாள்.

"போவணும் சேச்சி," என்றார் தாணுமாலையன். "மாவு அடங்கட்டும்."

அவள் புரியாமல் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மழை சாய்ந்து அடித்தது. அவர் தன் வீட்டுச் சுவரை ஒட்டி நின்று, குடையைப் பன்னுக்கு மேலே இறக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் நனைய மிச்சத்தைத் தின்றார்.